கோலி சோடாவின் காலமும் நம் பழமைப் பித்தும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை புழங்குபொருள் கண்காட்சி ஒன்றை மூன்று நாள்கள் நடத்தியது. மரக்கால், உழக்கு, பாக்குவெட்டி, பனையோலைப் பெட்டி, எழுத்தாணி என்று மாணவர்கள் தத்தம் ஊர்களிலிருந்து கொண்டுவந்து குவித்தனர். அவற்றுள் ஒரு கோலி சோடா பாட்டிலும் இருந்தது. கனத்த, இளம்பச்சைக் கண்ணாடி, கழுத்தில் நெரிப்பு, உள்ளே உருளும் குண்டு, தோளருகே புடைப்பாக மூன்று ஆங்கில எழுத்துகள். ஒவ்வொரு பொருளுக்கும் பெயரும் காலமும் எழுதி அட்டை வைப்பது எங்கள் பொறுப்பு. பாட்டிலுக்கு நாங்கள் எழுதிய அட்டை இது: 'கோலி சோடா பாட்டில். காலம்: கி.பி. 1872.' அந்த மூன்று எழுத்துகளையும் ஏதோ ஓர் ஆங்கிலேய நிறுவனத்தின் குறி என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். திறந்து வைக்க வந்த சிறப்பு விருந்தினர் அதன் முன் நெடுநேரம் நின்று, ஒன்றரை நூற்றாண்டைக் கையில் ஏந்துவதாகச் சொல்லி மெய்சிலிர்த்தார். எங்களுக்கும் சிலிர்க்கவே செய்தது.

இரண்டாம் நாள் மாலை ஒரு முதியவர் வந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். அட்டையைப் படித்தவர், பாட்டிலைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அருகில் நின்றிருந்த எங்களிடம் தயக்கத்துடன் சொன்னார்: "சார், இது அவ்வளவு பழசு இல்ல. எங்க ஐயா காலத்துப் பாட்டில் கூட இல்ல. இந்திரா காந்தியச் சுட்டாங்கள்ல, அந்த வருசம் நானே லோடு எறக்கினது. வடக்கேயிருந்து லாரியில சாக்குல கட்டி வந்துச்சு. இந்தா, என் கடைப் பேரு போட்டிருக்குல்ல?" அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அந்த மூன்று எழுத்துகள் இருந்தன. ஊர்ப் பெயரின் முதலெழுத்து, தந்தை பெயரின் முதலெழுத்து, அவர் பெயரின் முதலெழுத்து. இலக்கியம் கற்பிக்கும் நாங்கள் ஐவர் அந்த எழுத்துகளைப் பார்த்திருந்தோம், ஒருவரும் படிக்கவில்லை.

அதன்பின் நாங்கள் செய்ததைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடர்வது முறையன்று. அட்டையை நாங்கள் மாற்றவில்லை. 'நாளையொரு நாள்தானே, சிறப்பு விருந்தினர் பேச்சு வேறு நாளிதழில் வந்துவிட்டது' என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். மூன்றாம் நாளும் அந்தப் பாட்டில் 1872ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகவே இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்கள்.

ஒரு சோடா பாட்டிலின் காலம் பிழைபட்டதில் உலகம் கவிழ்ந்துவிடவில்லை என்று வாசகர் எண்ணலாம். கவிழவில்லைதான். எனினும் அந்தப் பிழையில் ஒரு மனப்பாங்கு இருக்கிறது. ஒரு பொருளுக்கு எவ்வளவு வயது ஏற்ற முடியுமோ அவ்வளவும் ஏற்றுவதே அதற்குச் செய்யும் மரியாதை என்னும் மனப்பாங்கு அது. அது மரியாதையன்று, பறிப்பு என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது.

1872 என்னும் ஆண்டு எங்கிருந்து வந்தது? லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் வாழ்ந்த ஹைரம் காட் என்னும் பொறியாளர் இவ்வகைப் பாட்டிலைச் செப்பப்படுத்திக் காப்புரிமை பெற்ற ஆண்டு அது. அவருடைய அமைப்பு எளிமையும் நுட்பமும் கூடியது. கழுத்தின் உட்புறம் ஒரு ரப்பர் வளையம்; அதற்குக் கீழே ஒரு கண்ணாடிக் குண்டு. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து வாயுவேற்றிய நீரை நிரப்பினால், குண்டு வாய்ப்பக்கம் வந்து வளையத்தில் அமரும். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே பிறகு அதை அங்கே நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். தக்கையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். கட்டையாலோ கட்டைவிரலாலோ குண்டை அழுத்தினால் சீறலோடு திறக்கும். கழுத்து நெரிப்பு குண்டை அடிவரை விழாமல் தாங்கும்; உள்ளே புடைத்த இரு முனைகள், குடிக்கும்போது குண்டு உருண்டு வாயை அடைக்காமல் நிறுத்தும்.

இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தகர மூடி இதை விலக்கிவிட்டது. தகர மூடிக்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் இந்தியாவிலும் ஜப்பானிலும் கோலி பாட்டில் நின்றுவிடவில்லை. ஜப்பானில் 'ராமுனே' என்னும் பானத்துக்கு இன்றும் இந்த அமைப்புத்தான். ஆகவே 1872 என்பது ஓர் எண்ணம் பிறந்த ஆண்டு. அந்த எண்ணத்தின்படி நூற்றாண்டுக்கு மேலாகச் செய்யப்பட்டுவரும் கோடிக்கணக்கான பாட்டில்களில் ஒன்றின் பிறந்த ஆண்டாக அதைச் சொல்வது, ஒரு மனிதனின் வயதைக் கேட்டால் அவன் குலத்தின் வயதைச் சொல்வது போன்றது.

பழைய பாட்டில்களைச் சேகரிப்போர் மேலை நாடுகளில் ஏராளம். அவர்களை வேலையற்றவர்கள் என்று நாம் நகைப்பதுண்டு. ஆனால் காலக் கணிப்பில் அவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு, நம் ஆய்வேடுகள் பலவற்றில் காணக் கிடைக்காதது. அவர்களின் முதல் விதி: ஒரு பொருளின் காலத்தை அதிலுள்ள மிகப் பழைய அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்யாதே, மிகப் பிந்திய அடையாளத்தைக் கொண்டு தொடங்கு. பொருள் அந்தப் பிந்திய அடையாளத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. இரண்டாம் விதி: எழுதப்பட்டிருக்கும் ஆண்டு எதைப் பற்றிய ஆண்டு என்று கேள்.

இரண்டாம் விதிக்குச் சிறந்த சான்று கோகா கோலா பாட்டில். இடை சிறுத்த அந்த வடிவத்தை இண்டியானா மாநிலத்தின் டெரெ ஹோட் நகரிலிருந்த ரூட் கண்ணாடி நிறுவனம் உருவாக்கி, 1915 நவம்பர் 16இல் காப்புரிமை பெற்றது. அதன் பின் 1923 டிசம்பர் 25 தேதியிட்ட இன்னொரு காப்புரிமை. அந்தத் தேதி புடைத்த பாட்டில்களைச் சேகரிப்போர் 'கிறிஸ்துமஸ் பாட்டில்' என்றே அழைப்பர். அதைக் கண்டெடுத்த புதியவர் எவரும் 1923ஆம் ஆண்டுப் பாட்டில் என்று மகிழ்வதே வழக்கம். ஆனால் அதே தேதியைத் தாங்கிய பாட்டில்கள் 1930களின் பிற்பகுதி வரை வார்க்கப்பட்டன. பாட்டிலில் உள்ள தேதி பொய்யில்லை. அது வடிவத்தின் உரிமையைப் பற்றிய தேதி, வார்ப்பைப் பற்றியது அன்று. எங்கள் அட்டையில் இருந்த பிழையும் இதே பிழைதான். எங்கள் பாட்டிலில் அந்தத் தேதிகூட இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

அச்சு வரியைப் பற்றியும் ஒரு சொல். பாட்டிலை வார்க்கும் அச்சின் இரு பாதிகள் கூடும் இடத்தில் மெல்லிய வரியொன்று எழும். அது வாயின் விளிம்பைத் தாண்டி மேலேறினால் இயந்திரத்தில் செய்தது. கழுத்தோடு நின்றால் வாயைக் கையால் முடித்தது என்பது பொதுவான பாடம். மைக்கேல் ஓவன்ஸின் முழுத் தானியங்கிப் பொறி 1903இல் வந்ததால், கையால் முடித்தவை அதற்கு முற்பட்டவை என்று சிலர் எளிதாக முடித்துவிடுகின்றனர். அமெரிக்க ஆலைகளைப் பொறுத்தவரைகூட இது ஏறத்தாழவே சரி. கோலி பாட்டிலுக்கோ இவ்விதி பொருந்தவே பொருந்தாது. குண்டை உள்ளே இட்ட பிறகே வாயைக் குறுக்க வேண்டும் என்பதால், வாயில் கைவேலையின் தடம் இருப்பது இவ்வகைக்கு இயல்பு. கைவேலைத் தடம் ஒரு செய்முறையைச் சொல்கிறது. அச்செய்முறை ஓரிடத்தில் என்று நின்றது என்பதை அந்த இடத்தின் வரலாறுதான் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குமிழியும் கோணலும் கண்டவுடன் 'விக்டோரியா காலம்' என்று விலை கூறுவோர் இவ்வேறுபாட்டை மறைத்தே வாணிகம் செய்கின்றனர்.

நிறத்தை நம்புவதும் இடரே. மாங்கனீசு கலந்த பழைய நிறமற்ற கண்ணாடி பல்லாண்டு வெயிலில் கிடந்தால் மெல்ல ஊதா நிறம் ஏறும். அதற்கு மதிப்பு மிகுதி என்று தெரிந்தபின், கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் சில நாள்களில் அதே ஊதாவைக் கருக்க ஏற்றுகின்றனர். அடிப்பகுதியின் தேய்மானத்தைப் போலி செய்வோரும் உளர். பெட்டியிலும் மேசையிலும் ஆண்டுக்கணக்கில் உரசிய பாட்டிலின் கீறல்கள் தாறுமாறாக ஓடும். உப்புத்தாளால் தேய்த்தவை ஒரே போக்கில் ஓடும்.

பாட்டிலை விட்டு விளம்பரங்களுக்கு வருவோம். இங்கேதான் இலக்கிய வாசகர்களாகிய நமக்கு உண்மையான வேலை இருக்கிறது. பழைய எனாமல் பலகைகள், தகர விளம்பரங்கள், சோடாக் கம்பெனி லேபிள்கள், நாள்காட்டிப் படங்கள் ஆகியவற்றைத் தேடி வாங்கி உணவகச் சுவர்களில் மாட்டும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. தேவை பெருகினால் போலியும் பெருகும். பழைய எனாமல் பலகையில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியே பூசிச் சுடப்பட்டதால், விரலால் தடவினால் நிறத்துக்கு நிறம் படி தட்டுப்படும் என்பது போன்ற சோதனைகளை வணிகர் அறிவர். நமக்குக் கைவந்த சோதனை வேறு: எழுத்து.

'நயா பைசா' என்று விலை போட்டிருந்தால், அந்த விளம்பரம் 1957 ஏப்ரல் 1க்கு முந்தியதாக இருக்க முடியாது. அன்றுதான் அந்த நாணயம் வந்தது. 1964 ஜூனில் 'நயா' என்னும் அடைமொழி நீங்கியது. எனவே ஏழாண்டு இடைவெளிக்குள் பெரும்பாலும் அடக்கிவிடலாம். முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. 'தமிழ்நாடு அரசு' என்று இருந்தால் 1969 ஜனவரி 14க்குப் பிந்தியது. 'சென்னை' என்னும் சொல்லை வைத்துக் கணிக்கலாமா? ஆங்கிலத்தில் எழுதிய பலகையில் கணிக்கலாம். மெட்ராஸ் என்னும் பெயர் 1996இல் மாறியது. தமிழ்ப் பலகையில் கணிக்க இயலாது. தமிழில் அந்த நகர் நெடுங்காலமாகவே சென்னை. 'நிறுவியது' என்று போட்டிருக்கும் ஆண்டு ஒருபோதும் பலகையின் ஆண்டு ஆகாது. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் லேபிளில் அவ்வாண்டைக் கண்டால், அது நிறுவனத்தின் பெருமையைச் சொல்கிறதே தவிர லேபிளின் அகவையைச் சொல்லவில்லை.

எழுத்துச் சீர்திருத்தம் இன்னும் சுவையானது. ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் தும்பிக்கைபோல் சுழித்து எழுதிய பழைய வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றின் வளைந்த வடிவமும் 1978 அக்டோபரில் வெளியான அரசாணைக்குப் பின் மெல்ல மறைந்தன. 1940களைச் சேர்ந்தது என்று விற்கப்படும் சோடா விளம்பரத்தில் 'விலை' என்னும் சொல் இன்றைய வடிவில் இருந்தால் நாம் ஐயுறலாம். ஐயுறலாம் என்றே சொல்கிறோம், தீர்ப்பளிக்க முடியாது. ஏனெனில் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் 1935 முதலே சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தினார். அவ்வியக்கத்தைச் சார்ந்த அச்சகமோ கடைக்காரரோ அவற்றை முன்பே கைக்கொண்டிருக்கக் கூடும். மறுபுறம், சுழித்த ஐகாரம் கண்டவுடன் 1978க்கு முந்தியது என்று சொல்வதும் தவறு. பலகை எழுதும் ஓவியரின் கை அரசாணை வந்த மறுநாளே மாறிவிடாது. அச்சகத்துப் பழைய ஈய எழுத்துகளும் அன்றே உருக்கப்பட்டுவிடவில்லை. ஆக, ஓர் அடையாளம் ஒரு சொல் சாட்சி. இரண்டு மூன்று சாட்சிகள் ஒத்தால்தான் வழக்கு நிற்கும்.

இதில் புதுமை எதுவுமில்லை. அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, அவ்வூரின் காலத்தை அறியத் துணை நின்றவற்றுள் முதன்மையானவை இத்தாலியிலிருந்து வந்த அரிட்டைன் மட்கலங்கள். அவ்வகைக் கலங்களில் குயவர் முத்திரைகள் உண்டு; அவை எக்காலத்தவை என்பது இத்தாலியில் தெரிந்திருந்தது. பாட்டிலின் அடியைத் திருப்பிப் பார்க்கும் சேகரிப்பாளரும் சட்டியின் அடியைத் திருப்பிப் பார்க்கும் தொல்லியலாளரும் செய்வது ஒரே செயலே. நாங்கள் எங்கள் பாட்டிலின் முத்திரையைப் படித்திருந்தால் அந்த முதியவர் வந்து சொல்லியிருக்க வேண்டியதில்லை.

தமிழ் இலக்கியத்தில் இந்த ஒழுங்கு நம்மிடம் எவ்வாறு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கங்களுக்கு 4440, 3700, 1850 என ஆண்டுக் கணக்குச் சொல்கிறது. அது சங்கத்தைப் பற்றிய தகவல் என்பதைவிட, அவ்வுரை எழுந்த காலத்தில் சங்கத்தைப் பற்றி என்ன நம்பினர் என்பதற்கான தகவல். இவ்வேறுபாட்டை வகுப்பறையில் சொன்னால் இன்றும் முகங்கள் வாடுகின்றன. ச. வையாபுரிப்பிள்ளை நூல்களின் காலத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்ததற்காகத் தமிழ்ப் பகைவர் என்றே ஏசப்பட்டார். அவருடைய முடிவுகள் பலவற்றை நாம் இன்று ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நூலில் உள்ள பிந்திய சொல்லைக் கண்டு, அதற்கு விடை சொல்லிவிட்டு மேலே போ என்று அவர் கேட்டது நேர்மையான கேள்வி. அக்கேள்வியை வசையால் எதிர்கொண்டவர்கள், அட்டையை மாற்றாமல் விட்ட எங்களுக்கு மூத்தவர்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 'பழமை என்பது ஓர் உணர்வு. மக்கள் மகிழட்டுமே, ஒரு பாட்டிலுக்குப் பின்னால் நீதிமன்றம் எதற்கு?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். உணர்வுக்கு நாம் பகையல்லர். 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, அன்னிய பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தபோது, கோலி சோடாவின் மீது எழுந்த பரிவு நமக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பரிவு யார்மேல் செல்ல வேண்டும்? பாட்டிலை 1872 என்று எழுதியபோது எங்கள் கண்காட்சியில் இருந்தவர் லண்டனின் ஹைரம் காட். இல்லாமல் போனவர், எதிரே நின்று பேசிய அந்த முதியவர்.

1984 என்று எழுதியிருந்தால் என்னென்ன கேள்விகள் எழுந்திருக்கும்! சிறுநகரச் சோடாக் கடைக்காரர் ஒருவர் எந்த முதலைப் போட்டு ஒரு லாரி பாட்டில் வாங்கினார்? ஏன் தம் பெயரைக் கண்ணாடியில் பொறிக்கச் சொன்னார்? இதை அவரிடமே பிறகு கேட்டோம். பெட்டிக்கடைகளில் காலி பாட்டில்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். அடுத்த கம்பெனிக்காரர் எடுத்து நிரப்பிவிடுவார். பெயர் இருந்தால்தான் சண்டை போட்டு வாங்க முடியும் என்றார். பொதுக்கூட்ட மேடையில் பேச்சாளருக்கு உடைத்துக் கொடுத்த சோடாவும், கூட்டம் கலவரமானபோது பறந்த சோடா பாட்டிலும் அவர் கடையுடையவையே. "வீசினவன் எவனோ, பேரு என்னது. போலீஸ் எங்கிட்டத்தான் வரும்" என்று சிரித்தார். 1993இல் கோகா கோலா இந்தியாவுக்குத் திரும்பிய சில ஆண்டுகளில் அவர் கடையை மூடினார். எஞ்சிய பாட்டில்கள் எடைக்குப் போயின. சில பிள்ளைகள் கைக்குப் போயின. குண்டுக்காகவே உடைத்திருப்பார்கள் என்றார். இங்கிலாந்திலும் சிறுவர்கள் அதற்காகவே காட் பாட்டில்களை உடைத்தார்கள் என்று படித்திருந்ததை அவரிடம் சொன்னோம். "எல்லா ஊர்லயும் பிள்ளைக பிள்ளைகதான்" என்றார்.

இத்தனையும் 1872 என்னும் ஓர் எண்ணின் கீழே புதைந்து கிடந்தது. வயதை ஏற்றுவதால் ஒரு பொருளுக்குப் பெருமை சேர்வதில்லை. அதைச் செய்தவர், வாங்கியவர், அதனால் பிழைத்தவர் அனைவரும் அதிலிருந்து வெளியேற்றப்படுகின்றனர். நாற்பதாண்டுப் பழமைக்கு உரியவர் இன்னும் நம் தெருவில் இருக்கிறார், கேட்டால் சொல்வார். நூற்றைம்பதாண்டுப் பழமையிடம் கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்பதனால்தானோ நமக்கு அது அவ்வளவு பிடித்திருக்கிறது?

சோடாக் கடைகளும் கலர் கம்பெனிகளும் ஊருக்கு ஊர் இருந்தன. அவற்றின் லேபிள்களும் பெயர் பொறித்த பாட்டில்களும் இன்னும் பரண்களில் கிடக்கின்றன. வாசகர்கள் யாரேனும் அத்தகையதொன்றைக் கண்டெடுத்தால், அதன் வயதை ஊகிக்குமுன் அதிலுள்ள எழுத்தைப் படிக்க வேண்டுகிறோம். அந்த எழுத்துக்கு உரியவர் வீட்டைத் தேடிப் போக வேண்டுகிறோம். எங்கள் துறை அடுத்த கண்காட்சிக்கு அதே பாட்டிலை மீண்டும் கேட்டு வாங்கும். அட்டையில் 1984 என்றும், அதன் கீழே கடையின் பெயரும் இருக்கும். அந்த முதியவரையே திறந்து வைக்க அழைப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம்.